வாயால் வாங்கிய பதினொரு அட்டை

கருத்தையா கிழிந்த கோல் வலையை நைலான் கயிற்றால் முடிந்துகொண்டே நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார். ஆழ்வார்குறிச்சியில் நெல் போடுகிறவர். கல்யாணத்தன்று காலையில்கூட மேட்ச் ஆடிவிட்டுத்தான் தாலி கட்டினார். இருபது வருடமாக எங்கள் கால்பந்து கிளப்பின் செயலாளர். நான் ஓய்வுபெற்ற நர்ஸ். அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போடுவேன்.

அன்று லீக்கிலிருந்து கடிதம் வந்திருந்தது. இந்த சீசனில் பதினான்கு மஞ்சள் அட்டை. இன்னும் ஒன்று வாங்கினால் கிளப்பையே நீக்கிவிடுவார்கள்.

“நடுவருக்கு நம்மளக் கண்டாலே ஆகாதுக்கா.”

வார்டில் நோயாளி விழுந்தால் யாரைத் திட்டலாம் என்று தேடமாட்டோம், எப்படி விழுந்தார் என்று பார்ப்போம். கடிதத்தை வாங்கி வரிவரியாகப் படித்தேன்.

“காலால வாங்குனது மூணுதான். மிச்சம் பதினொண்ணும் வாயால வாங்குனது. அதுல நாலு, கோட்டுக்கு வெளிய நின்னு கத்துன உன் பேருல இருக்கு.”

“தப்பா விசில் ஊதுனா கேக்க வேண்டாமா?”

“பதினோரு பேரும் சுத்தி நின்னு கத்துததுக்கு அது என்ன வாய்க்கா மடையா? கேப்டன் மட்டும் கேக்கட்டும்.”

மடையில் சத்தம் போடுகிறவன் வயலுக்குத்தான் இங்கே முதல் தண்ணீர். எல்லாரும் அங்கே பழகியவர்கள்.

“அப்ப நான்?”

“வெத்தலையப் போட்டு வாய அடைச்சுக்க.”

மறுநாள் காலைப் பயிற்சியில் கருத்தையாவே நடுவராக நின்று, வேண்டுமென்றே தப்புத்தப்பாக விசில் ஊதினார். வாய் திறந்தவர்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். ஒன்பது பேர் ஓடினார்கள். அடுத்த தப்பு விசிலுக்கு கேப்டன் செந்தில்முருகன் மட்டும் நடந்து வந்து, “அது ஃபவுல் இல்லையே?” என்று கேட்டான்.

“ஃபவுல்தான்.”

அவன் திரும்பிப் போனான். மற்றவர்கள் பேசாமல் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.