மூணாம் டேங்க்கும் என் நாக்கும்

கிளாஸில் நுரை நிற்கவில்லை. எட்டு கிளாஸ், எட்டிலும் ஊற்றின நிமிஷமே நுரை செத்துப் போனது. மேனேஜர் என்னைப் பார்த்தார், நான் வரதன் சாரைப் பார்த்தேன், வரதன் சார் கூரையைப் பார்த்தார். பீர் ருசி பார்க்கிற வேலை இவ்வளவுதான்: குடிப்பது ரெண்டு வாய், திட்டு வாங்குவது ரெண்டு மணி நேரம்.

எனக்குப் பத்தொன்பது வயசு. பிளஸ் டூவோடு படிப்பை விட்டாச்சு. மதுவிலக்கை எடுத்த பிறகு சுங்குவார்சத்திரம் பக்கம் வந்த பீர் ஃபேக்டரியில், ருசி பார்க்கிற அறையில் வேலை. வரதன் சார்தான் அங்கே பீர் காய்ச்சுவதற்குப் பெரிய ஆள். பீடி, வெற்றிலை, மூக்குப்பொடி எதுவும் படாத வாய் என்று என்னைப் பொறுக்கி எடுத்தவரும் அவர்தான். ஆறு மாசம் டெம்பரரி. அப்புறம் மேனேஜர் கையெழுத்துப் போட்டால் பர்மனென்ட், போடாவிட்டால் அப்பாவோடு செங்கல் சூளை. டெம்பரரியாகவே புழுங்கிக்கொண்டிருக்கிற சகோதரர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

நுரை செத்த சனிக்கிழமை

அன்றைக்கு ஊற்றினது சாதா பீர் இல்லை, ஸ்டவுட். கன்னங்கரேல் என்று இருக்கும். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாலும் அந்தப் பக்கம் தெரியாது. சாதா பீரைவிட ரெண்டு பங்கு போதை. நுரைகூடக் காப்பி நிறத்தில் கெட்டியாக நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றதும் மேனேஜர் ஈஸ்ட் சரியில்லை என்றார், தண்ணீர் சரியில்லை என்றார், கடைசியில் நான் ஊற்றின விதம் சரியில்லை என்றார்.

வரதன் சார் ஒரு காலி கிளாஸை மோந்து பார்த்தார். அப்புறம் கிளாஸ் கழுவுகிற முனுசாமி அண்ணனைக் கூப்பிட்டு, அவர் தோளில் கிடந்த துண்டை வாங்கி மோந்து பார்த்தார். நல்லெண்ணெய் வாசம். கழுவின கிளாஸைக் கவிழ்த்து வைத்து அப்படியே காய விட வேண்டும், துடைக்கக் கூடாது என்பது சட்டம். அண்ணன் பளபளப்பு பத்தாது என்று தலை துவட்டின துண்டாலேயே எட்டையும் துடைத்திருக்கிறார். துளி எண்ணெய் பட்டாலும் நுரை நிற்காது. மேனேஜர் கத்தி முடிக்கிற வரைக்கும் காத்திருந்து அண்ணன் சொன்னார்: "சனிக்கெழமை எண்ண தேச்சிக்கினு குளிச்சது ஒரு குத்தமா சார்? நொரைக்கு இம்மாம் ரோசம் ஆவாது."

சட்டியை நக்கின மாதிரி

ருசி பார்ப்பது காலை பதினொரு மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னால். அதுவரை காப்பி கூடாது, முகத்துக்குப் பவுடர் கூடாது. ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவில் ரெண்டு பொரி, ஒரு மடக்கு தண்ணி. ஸ்டவுட்டை ஐஸில் வைக்கக் கூடாது. பானைத் தண்ணி சில்லு இருந்தால் போதும், அப்போதுதான் வாசம் எழும். துப்பவும் கூடாது. கசப்பு தொண்டையில்தான் தெரியும் என்பார் வரதன் சார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு தாள் கொடுத்தார்கள். நிறைய இங்கிலீஷ் வார்த்தை, பொருத்தமானதுக்கு டிக் அடிக்க வேண்டும். எனக்கு ஒன்றும் பொருந்தவில்லை. ஓரத்தில் தமிழில் எழுதினேன்: "முதல் வாய் பிடிக்கலை. கருகின வெல்லப்பாகு. காப்பிக்கொட்டை வறுத்த இரும்புச் சட்டியை நக்கின மாதிரி கசப்பு. ரெண்டாவது வாயில் பேரீச்சம்பழம். அது பிடிச்சிருக்கு. முழுங்கினதும் நெஞ்சில் சூடு, இருமல் மருந்து மாதிரி." வேலை போச்சு என்று நினைத்தேன். வரதன் சார் ரெண்டு தடவை படித்துவிட்டு, "இனிமே டிக் எல்லாம் வேணாம்டா, சட்டி, பாகுன்னே எழுது, எனக்கு நல்லா வெளங்குது" என்றார்.

அம்மா பிடித்த வாசம்

சாயங்காலம் வல்லத்துக்கு சைக்கிள் மிதித்து வீடு சேர்வதற்குள் வாசம் போயிருக்கும் என்று நம்பினேன். அம்மா சோறு போடும்போதே பிடித்துவிட்டது. நான் மறைக்கவில்லை. இதுதான் வேலை, ரெண்டு வாய்தான், எனக்கு மயக்கம் கியக்கம் கிடையாது என்றேன். அம்மா ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற ஆள். குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டது: "ஊர்ல அவனவன் குடிச்சா வேல போவுது, உனக்குக் குடிச்சாத்தான் வேலயா? பர்மனென்ட் ஆவணும்னு மாதாகிட்ட நான் இன்னான்னுடா வேண்டிக்கிறது?"

மூணாம் டேங்க்

ஆறாவது மாசம். துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சரக்கு கொடுக்கிற ஒருத்தர் ஸ்டவுட் வாங்க வருவதாக இருந்தது. முந்தின நாள் ரெண்டாம் டேங்க்கையும் மூணாம் டேங்க்கையும் ருசி பார்த்தோம். வரதன் சாருக்குச் சளி, பெருங்காயத்தை மூக்கில் வைத்தாலும் தெரியாத நிலைமை. அதனால் என் வாய் மட்டும்தான். ரெண்டு அருமை. மூணு புளித்தது. லேசாகத்தான், ரெண்டு நாள் பழைய சோற்றுத் தண்ணி மாதிரி. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "மூணாம் டேங்க்தான்டா பெரிசு, அதத்தான் அவர்கிட்ட தள்ளிவுடணும். ஐஸ்ல பொதச்சு வை. பல்லு கூசுற சில்லுல புளிப்பாவது ஒண்ணாவது. உன்னக் கேட்டா ஃபர்ஸ்ட் கிளாஸ்னு சொல்லு. உன் பர்மனென்ட் பேப்பர் என் மேஜையிலதான் கீது."

ஐஸில் புதைத்தேன். அதுவரைக்கும் சொன்னதைச் செய்தேன். வந்தவர் ஒரு வாய் குடித்துத் தலையாட்டினார். பேனாவைத் திறந்தவர் என் பக்கம் திரும்பி, "தெனம் ருசி பாக்கிறவன் நீதானேப்பா, நீ சொல்லு" என்றார். எனக்குச் சூளைப் புகை கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் புளிப்பு நாக்கிலேயே இருந்தது. "புளிக்குதுங்க. சில்லு எறங்கினா தெரியும். ரெண்டாம் டேங்க் நல்லாருக்கும்" என்றேன்.

அவர் பேனாவை மூடிக் கிளாஸைக் கீழே வைத்தார். சில்லு இறங்கக் கால் மணி நேரம் காத்திருந்தார். மறுபடி குடித்தார், முகம் சுருங்கியது. ரெண்டாம் டேங்க்கை ஐஸ் இல்லாமல் ஊற்றச் சொன்னார். மூணு வாய் குடித்தார். ரெண்டாம் டேங்க் முழுக்கத் தனக்கே வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்கு அந்தப் பேரீச்சம்பழ ருசி சாயங்காலம் வரைக்கும் வாயில் இருந்தது.

மேனேஜர் மட்டும் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுது, இல்லாட்டி பர்மனென்ட்ட மறந்துடு."

'ரெண்டு அருமை, மூணு புளிக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மன்னிப்பு என்ன ருசி என்று எனக்குத் தெரியாததால் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.