ஐம்பதைத் தாண்டாத கால்

என் அக்கா தெய்வாத்தாளைச் சாலையில் முந்தாத வண்டி கிடையாது. டவுன் பஸ், பால் வண்டி, தேங்காய் லோடு ஏற்றிய டிராக்டர், ஒரு தடவை கல்யாண ஊர்வலத்துக்குப் போன ஜெனரேட்டர் வண்டி கூட. பதினான்கு வருடமாகத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் பள்ளி வேன் ஓட்டுகிறாள். மஞ்சள் வேன். ஐம்பதுக்கு மேல் போகாதபடி அதற்குள் ஒரு கருவி பூட்டியிருக்கிறது. முந்துகிறவர்கள் ஜன்னல் வழியாக ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். இவள் சிரித்துவிட்டு, கண்ணாடியில் பின்சீட்டுக் குழந்தைகளை ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவள் போனில், "அம்மணி, நானொரு டர்போ காரு பாத்திருக்கறேன். பழசுதான். ஆனா பறக்கும்" என்றபோது நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நான் இருப்பது ஜெர்மனியில். அங்கே வேக வரம்பே இல்லாத சாலைகள் உண்டு. அதிலும் நான் வலது ஓரம் பிடித்து லாரிகளுக்குப் பின்னால் போகிற ஜாதி.

"அக்கா, எதுக்கு இந்த வயசுல?"

"நாப்பத்தாறெல்லாம் ஒரு வயசா? வெசையாப் போவோணும்னு இருக்குது. வேறெதுக்கு?"

இந்த ஆசை எங்கே பிடித்தது என்பதை டிசம்பர் லீவில் ஊருக்குப் போனபோதுதான் சொன்னாள். வேனைச் சர்வீஸுக்கு விட்டிருந்த நாளில், மெக்கானிக் ரிஃபத் கை முழுக்க கிரீஸோடு, "அக்கா, அந்தக் காரைச் சித்தெ ஓரமா எடுத்து உடுங்களேன்" என்றிருக்கிறார். யாரோ வாடிக்கையாளருடைய கார். இவள் வேனை மிதிக்கிற மாதிரியே மிதித்திருக்கிறாள்.

"வயிறு அங்கயே நின்னுபோச்சு அம்மணி. நான் மட்டும் முன்னால போயிட்டேன்" என்றாள். சொல்லும்போது கண் அப்படி மின்னியது. அதற்குப் பிறகு சீட்டுப் போட்டுச் சேர்த்தது ஐந்து லட்சம். புதுசாக வாங்கினால் அந்தப் பணத்துக்கு வருவது மளிகை வாங்கப் போகிற சின்னக் கார்தான். வேகமும் வேண்டும், ஐந்துக்குள்ளும் வேண்டும் என்றால் பழசைத்தான் தேட வேண்டும். ரிஃபத் தேடினார். ஒன்று வெள்ளத்தில் நின்றது. இன்னொன்றுக்கு ஒரே வருடத்தில் நாலு சொந்தக்காரர்கள். "நாலு பேரு கைமாத்துன காருக்கு ஏதோ வேதனை இருக்குதுக்கா" என்று அதையும் கழித்துவிட்டார். மூன்றாவதாக அகப்பட்டது சரவணம்பட்டி தேஜாவின் கார்.

கம்பெனிப் பெயரை நான் எழுதவில்லை, எனக்கு எதற்கு வம்பு. பன்னிரண்டு வருடத்துச் சிவப்புக் கார். பார்த்தால் சாதாரணக் குடும்ப வண்டி. மூடியைத் திறந்தால் நூற்று அறுபது குதிரை. ரிஃபத் அதை ஒரு நாள் முழுக்க மேலே தூக்கிவைத்துப் பார்த்துவிட்டு, "நல்ல மனசுள்ள வண்டி" என்றாராம்.

தேஜா மென்பொருள்காரன், இருபத்தெட்டு வயது. அடுத்த மாதம் அயர்லாந்து போகிறான். நானும் அக்காவும் போய்க் கேட்டபோது அவன் சொன்ன விலை ஆறு லட்சம்.

"அஞ்சுதான் சாமி இருக்குது" என்றாள் அக்கா.

"அக்கா, வீல் மட்டுமே எவ்வளவுன்னு தெரியுங்களா? சைலன்சர் வெளிநாட்டுல இருந்து வரவெச்சது. சத்தத்தக் கேளுங்க." ஸ்டார்ட் செய்தான். பக்கத்து மாடியில் காயப்போட்ட துணி அதிர்ந்தது.

அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். "வீலயும் சைலன்சரயும் நீயே கழட்டிக்க. கம்பெனில வந்தது இருக்குதல்லொ, அத மாட்டிக் குடு. அஞ்சு."

தேஜா என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். அந்த வீலையும் சைலன்சரையும் தனியாக விற்றால் என்ன வரும் என்று அவன் மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "சரீங்க" என்றான். நான் அக்காவைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். ஆவணம், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் என்று கேட்க வைத்திருந்ததெல்லாம் அந்த நிமிடம் மறந்துபோயிற்று.

வீட்டில் மாமா பாலுசாமிதான் பாக்கி. அக்காவின் கணவர். காய்கறித் தோட்டம் பார்க்கிறார். கிணறு வற்றிக்கொண்டிருக்கிறது, அந்த ஐந்து லட்சத்தில் போர்வெல் போட்டாக வேண்டும் என்பது அவர் கணக்கு.

"ஏனுங்க அம்மணி, உங்கக்காளுக்குப் பந்தயக் காரு வேணுமாமா! அவ வேனு மேட்டுல ஏறயில குழந்தைக எறங்கி நடந்தே இஸ்கோல் போய்ச் சேந்துருங்க."

"வேனு ஓட்டறதுக்கு மாமா, பறக்கறதுக்கில்ல. பறக்கறதுக்குத்தான் இது" என்றாள் அக்கா.

"உன்ற காலு அம்பதுக்கு மேல போவாது புள்ளே. கருவி வேனுல இல்ல, உன்ற கால்லதான் பூட்டியிருக்குது."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "போச்சுன்னா?"

"நூறத் தாண்டிக் காட்டு. நானே மாலை வாங்கிக் காருக்குப் போடறேன். தாண்டுலீன்னா அந்தப் பணத்துல போரு. சரியா?"

"சரி" என்று சொல்லிவிட்டாள். நானாக இருந்தால் ஒரு நாள் யோசித்திருப்பேன்.

தேஜாவிடம் விஷயத்தைச் சொன்னதும், "ரோட்டுல வேண்டாங்க்கா. செட்டிபாளையம் பந்தயத் தடத்துல ஞாயித்துக்கெழம பொது ஆளுகள விடறாங்க, அங்க பாத்துக்கலாம்" என்றான். தடத்தில் நடக்கும் சேதத்துக்கு இன்சூரன்ஸ் பைசா தராது என்று நான் படித்துவைத்திருந்தேன். சொன்னேன். "சேதமாச்சுன்னா என்ற பணம்" என்றாள் அக்கா. அதாவது காரும் இல்லை, போரும் இல்லை.

ஞாயிறு காலை. டயர் வாசனை. காதைப் பிளக்கிற சத்தம். விதவிதமான கார்கள் வரிசையில் உறுமிக்கொண்டு நிற்க, நடுவில் என் அக்கா. சேலை வேண்டாமென்று சுடிதாரில் வந்திருந்தாள். இரவல் ஹெல்மெட்டுக்குள் மூக்குத்தி மட்டும் மினுங்கியது. முதல் சுற்றுகள் தடம் பழகிக்கொள்ள, கூட ஆள் உட்காரலாம் என்றார்கள். நான் முன்சீட்டில், தேஜா பின்சீட்டில்.

கொடி அசைந்தது. கிளம்பினோம்.

முள் நாற்பதைத் தொட்டது. நாற்பத்தெட்டு. அங்கேயே நின்றுவிட்டது.

ஒரு நீலக் கார் விர்ரென்று போனது. ஒரு வெள்ளை. பிறகு கல்லூரிப் பையன்களின் ஓட்டைக் கார் ஒன்று, உள்ளேயிருந்து டாட்டா காட்டிக்கொண்டே.

"அக்கா, இது இஸ்கோல் ஏரியா இல்லீங்க" என்றான் தேஜா.

"எனக்குத் தெரியுது சாமி. காலுக்குத் தெரிய மாட்டேங்குது."

இரண்டாவது சுற்று. நேரான நீண்ட பாதை வந்தது. "மிதிக்கா, மிதி!" என்று கத்தினேன். நானா கத்தினேன் என்று எனக்கே ஆச்சரியம். முள் நாற்பத்தொன்பது. அக்காவின் நெற்றியில் வேர்வை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மாமா சொன்னது சரிதானோ என்று அவள் நினைப்பது எனக்குக் கேட்டது. அப்போதுதான் கவனித்தேன், அவள் கண் பாதையில் இல்லை. உள் கண்ணாடிக்குப் போய்ப் போய் வந்தது. கண்ணாடியில் தேஜா.

அவளுக்கும் அதே நேரம் பட்டிருக்க வேண்டும். சட்டென்று காரை ஓரமாக உள்ளே திருப்பி, ஆட்கள் ஏறி இறங்கும் இடத்தில் நிறுத்தினாள்.

"எறங்குங்க ரெண்டு பேரும்."

இறங்கினோம். அவளும் இறங்கிக் காரை ஒரு சுற்று சுற்றினாள். குனிந்து அடியில் பார்த்தாள். பின்கதவைத் திறந்து, சீட்டின் மூலைவரை கையால் தடவிப் பார்த்தாள். வேனை நிறுத்துமிடத்தில் தினமும் சாயங்காலம் அவள் செய்கிற வேலை அது. குழந்தை ஏதாவது தூங்கிப்போய்க் கிடக்கிறதா என்று.

"ஆருமில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு தேஜாவிடம், "ஆளு உள்ள இருந்தா எனக்குக் காலு அமுங்காது சாமி. தனியா உடறயா?"

தேஜா விழித்தான். இன்னும் பணம் கைக்கு வரவில்லை. காரை நல்லபடியாக விற்றுவிட்டு விமானம் ஏற வேண்டியவன். ஐம்பதுக்கு மேல் ஓட்டாத ஓர் அம்மாவிடம் அதைக் கொடுத்துத் தனியாக அனுப்புவதா? "நீங்க என்னங்க சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நூறு காரணம் இருந்தது. "விடு தம்பி" என்று வந்துவிட்டது வாயில்.

அவன் ஜன்னலில் குனிந்தான். "மூணாவது வளைவுக்கு முன்னாடியே பிரேக் புடிச்சிருங்க்கா. கெஞ்சிக் கேக்கறேன்."

கார் போனது. வேலிக்கு ஓடினோம். முதலில் அதே மெதுவான சத்தம்தான். அப்புறம் தடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, மரங்களுக்குப் பின்னால், சத்தம் மாறியது. ஏறியது. இன்னும் ஏறியது.

"அய்யோ" என்றான் தேஜா.

சிவப்பாக ஒன்று வளைவிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. எங்கள் முன்னால் காற்று அறைந்தது. போய்விட்டது! கல்லூரிப் பையன்களின் காரை அவள் முந்தியதை என் கண்ணால் பார்த்தேன். பதினான்கு வருடத்தில் என் அக்கா முந்திய முதல் வண்டி! நான் வேலியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா! அக்கா!" என்று அலறினேன். தேஜா தலையில் கை வைத்து நின்றான். மூன்றாவது வளைவில் பிரேக் விளக்கு எரிந்ததும் கையை எடுத்தான். அடுத்த சுற்றில் அவனும் விசிலடித்தான்.

அவள் வந்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடியெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை. "நூத்தி முப்பத்தெட்டு" என்றாள். "வயிறும் எங்கூடவே ஒட்டுக்கா வந்துருச்சு அம்மணி!"

அங்கேயே போனில் பணத்தை அனுப்பினாள். வீலும் சைலன்சரும் மறுநாள் ரிஃபத்திடம் கழற்றிக்கொள்வதாகப் பேச்சு. சாவியைக் கொடுக்கும்போது தேஜா, "நான் இந்தக் கார இவ்வளவு சந்தோசமா ஓட்டுனதில்லீங்க்கா" என்றான்.

வீட்டு வாசலில் மாமா இடுப்பில் கை வைத்து நின்றார். "நூத்தி முப்பத்தெட்டா? ஆரு பாத்தது?"

"ஆரும் உள்ள இல்ல மாமா. அதனாலதான் போச்சு."

"அதென்ன கணக்கு? இப்ப என்னைய வெச்சு ஓட்டு, பாக்கலாம்" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். அக்கா சீட் பெல்ட்டை அவருக்கு இழுத்து மாட்டி, சரியாக விழுந்ததா என்று தட்டிப் பார்த்தாள். நான் பின்சீட்டில். தென்னந்தோப்புப் பாதை, எதிரே ஒரு வண்டி இல்லை. முள் நாற்பத்தைந்தில் அசையாமல் நின்றது. பின்னாலிருந்து ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களை முந்தியது.

மாமா முள்ளைப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னும் காலையிலிருந்த அதே சிரிப்பு. அவர் தன் நெஞ்சுக்குக் குறுக்கே கிடந்த பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"அந்தப் பூக்கடைகிட்ட நிறுத்து" என்றார். "போரு அடுத்த வருசம் பாத்துக்கலாம். அடுத்த தடவ போறப்ப சொல்லு, நானும் வேலிகிட்ட வந்து நிக்கறேன்."