முன்கதவைத் தட்டிய முகாமையாளர்

அப்பாவின் முதலாம் ஆண்டுத் திருப்பலிக்கு வந்து இந்தச் சிறு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே! உங்களில் பலருக்கு அப்பா மன்னார்த் தபால் கந்தோர்க்காரர். மற்றவர்களுக்கு அவர் சனிக்கிழமைகளில் கறுத்த மழைக்கோட்டுடன் மைதான ஓரத்தில் நின்ற மனேஜர். இரு பக்கத்தாரும் முழு மனிதரையும் அறியவேண்டும் என்ற ஆசையில் மூத்த மகன் நான் இதை எழுதுகிறேன்.

அப்பா பேசாலையில் பிறந்தவர். அவரின் தகப்பனார், எங்கள் பேரனார், கருவாட்டு வியாபாரி. பிள்ளைகள் நிறைந்த வீடு. கடற்கரை மணலில் பழகிய உதைபந்தாட்டம் அவரை முதலில் பாடசாலை அணிக்கும், தபால் கந்தோரில் வேலை கிடைத்தபின் நகரத்துக் கழகத்துக்கும் கொண்டுசென்றது. இடதுபுறப் பின்வரிசையில் ஆடினார். அவரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது இலேசில்லை என்று கூட ஆடியவர்கள் சொல்வார்கள். அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

யாழ்ப்பாணத்து அணியொன்றுடன் மழையில் நடந்த ஆட்டத்தில் முழங்கால் பிறழ்ந்தது. மாதக்கணக்கில் படுக்கை. எழுந்து பயிற்சிக்குப் போனபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த போட்டிக்கான பெயர்களைக் கோயில் மதிலில் ஒட்டியிருந்தார்கள். சந்தைக்குப் போகும் சனத்தின் நடுவே நின்று வாசித்தார். அவர் பெயர் இல்லை. பக்கத்தில் நின்றவர்கள் காணாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். அன்று சைக்கிளில் ஏற மனம் வராமல் வீடுவரை உருட்டிக்கொண்டு வந்ததாக அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

சில ஆண்டுகளின் பின் அதே கழகத்தார் வீட்டுக்கு வந்து, அணிக்கு முகாமையாளராக இருக்கும்படி கேட்டார்கள். அம்மாவுக்கு விருப்பமில்லை. அப்பா ஒரு நிபந்தனையுடன் ஒத்துக்கொண்டார். அணியில் இடம் கிடைக்காதவனிடம் அதை அவரே வீடு தேடிப் போய்ச் சொல்வார். பெயர்கள் ஒட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு. அந்தப் பதவியில் இருந்த காலம் முழுவதும் அப்படியே செய்தார். எல்லா வீட்டிலும் தேநீர் கிடைக்கவில்லை. ஒரு வீட்டில் தாய்க்காரி முற்றத்திலேயே மறித்து, “என்ர பிள்ளை உங்களுக்கு என்ன செய்தவன்?” என்று ஏசியிருக்கிறார். முழுவதையும் கேட்டு முடித்த அப்பா, “ஓம் அம்மா, கோபம் வரும்தான். செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு அனுப்பிவிடுங்கோ” என்றாராம். பிள்ளை வந்தான். அடுத்த ஆண்டு அவன்தான் அணித்தலைவன்.

தொண்ணூறில் போர் மன்னாரைக் கலைத்தது. மடுவிலும் பிறகு கொழும்பிலும் இருந்துவிட்டு, அப்பாவும் அம்மாவும் கடல் கடந்து இந்த நாட்டுக்கு, மவுண்ட் ஆல்பர்ட்டில் நான் முன்பே குடியேறியிருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். முதல் குளிர்காலம் அப்பா யன்னலோரம்தான். கேட்டதற்குப் பதில் சொல்வார். தானாக ஒன்றும் கதைக்கமாட்டார். நான் அப்போது கிளென் ஈடன் பக்கத்துச் சிறிய கழகம் ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை வற்புறுத்திக் கூட்டிப்போனேன். எங்கள் கழகத் தலைவர் ஆர்ச்சி கிளாஸ்கோவில் பிறந்தவர், இளம் வயதில் அங்கே பந்தாடியவர். மைதான ஓரத்தில் இருவரும் ஏதோ கதைத்தார்கள். ஆட்டம் முடிந்ததும் ஆர்ச்சி என்னிடம், “உன் அப்பா சொன்ன இடத்தில்தான் இரண்டு கோலும் வாங்கினோம். அவரை எங்களுக்குத் தா” என்றார்.

அடுத்த பருவத்தில் அப்பா எங்கள் மனேஜர். பேருந்தில் ஏறி, மழையில் நடந்து, வெளியில் நிற்கப்போகிறவனின் கதவைத் தட்டுவார். தொலைபேசியில் சொன்னால் போதும் என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். கேட்கவில்லை.

மேல் பிரிவுக்கு ஏறுவதை முடிவுசெய்யும் கடைசி ஆட்டம் வந்தது. அதற்கு முந்திய வியாழக்கிழமை மாலை நாங்கள் எல்லோரும் வீட்டில் இருந்தோம். அப்பா மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பின்கதவால் வெளியே போனார். சற்று நேரத்தில் முன்கதவில் மணி அடித்தது. என் மகள் ஓடிப்போய்த் திறந்துவிட்டு, “டாட், இட்ஸ் ஒன்லி அப்பப்பா!” என்று கத்தினாள்.

அப்பா சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, விருந்தாளி போல் என் எதிரே அமர்ந்தார்.

“தம்பி, சனிக்கிழமை நீ வெளியில இருக்கிறாய். சியோனே இறங்குவான்.”

“ஏன் அப்பா?”

“உன்ர கணுக்கால் இன்னும் சரிவரேல்ல. நீ மறைக்கிறாய், ஆனா திரும்பேக்க தெரியுது.”

“இதை வீட்டுக்குள்ளயே சொல்லியிருக்கலாமே!”

“வீட்டுக்குள்ள நான் உனக்கு அப்பா. இது டீம் அலுவல்.”

எனக்குக் கோபம் ஏறியது. அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெளியாருக்கு எடுக்கும் நல்ல கோப்பையில் அப்பாவுக்குத் தேநீர் கொண்டுவந்தார். அதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. குடித்து முடித்து, என் தோளைத் தட்டிவிட்டு, வந்த வழியே முன்கதவால் வெளியேறினார்.

அந்த ஆட்டத்தில் தோற்றோம். சியோனே தொங்கா நாட்டு இளைஞன், இரவில் பேக்கரியின் பாண் லொறி ஓட்டுபவன். அவன் காலிலிருந்து தவறிய பந்துதான் எதிரணிக்குக் கோலானது. உடைமாற்றும் அறையில் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தான். “மகனை இறக்கியிருக்கலாம்” என்று யாரோ முணுமுணுத்தார்கள். அப்பா நடுவில் வந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னார்: “அணியைத் தெரிவுசெய்தவன் நான். தோல்வி என்னுடையது. அவனிடம் ஒருவரும் கேட்கவேண்டாம்.” பிறகு சியோனேயின் பக்கத்தில் போய் இருந்தார். எல்லோரும் போகும்வரை அவர் எழும்பவில்லை. ஓர் அப்பாவிடமிருந்து மகன் பெறக்கூடிய பெருமையை அன்று அந்த ஈர அறையில் நான் பெற்றேன்.

அடுத்த ஆண்டு மேல் பிரிவுக்கு ஏறினோம். நானும் ஆடினேன், சியோனேயும் ஆடினான்.

பிறகு சிறுநீரகம் கைவிட்டது. நோயிலும் அப்பா எவரையும் கடிந்துகொள்ளவில்லை. தம்மைக் கழுவித் துடைத்த தாதியரின் பெயர்களைக் கேட்டுப் பாடமாக்கி, பெயர் சொல்லி நன்றி சொன்னார். கடைசி வாரங்களில் வீட்டுக்கு வர விரும்பினார். வேலை முடிந்து விடியற்காலையில் வரும் சியோனேதான் அவரைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோவான். அம்மாவின் செபமாலை முடியும் தறுவாயில், எங்கள் எல்லோர் நடுவிலும் அப்பா அமைதியாகக் கண்மூடினார்.

அப்பாவைப் பராமரித்த வைத்தியருக்கும் தாதியருக்கும், நோயில்பூசுதல் வழங்கிய பங்குத்தந்தைக்கும், மாறி மாறிச் சமைத்து அனுப்பிய மன்னார், யாழ்ப்பாண உறவுகளுக்கும், தன் வீட்டில் சாம்பார் வைத்து வாளியோடு கொண்டுவந்த மலேசியத் தமிழ் அயலவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்நியராய் வந்த அப்பாவை நம்பி ஓர் அணியையே கையில் கொடுத்த ஆர்ச்சிக்கும், அப்பாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அப்பா இருந்தவரை அம்மா ஒரு போட்டிக்கும் வந்ததில்லை. இந்தப் பருவம் தொடங்கிய முதற் சனிக்கிழமை, அணிப் பையன்கள் காரோடு வாசலில் வந்து நின்றார்கள். அம்மா சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஏறினார். இப்போது ஒரு வாரமும் தவறுவதில்லை. போன வாரம் நடுவர் எங்களுக்கு எதிராக விசில் ஊதியபோது, “கண் தெரியேல்லையோ தம்பி உனக்கு?” என்று அம்மா போட்ட சத்தம் மைதானத்தின் மறுகரைக்குக் கேட்டது.