டிரான்ஸ்பார்மர் இல்லாத ரேடியோவும் ஆயுத பூஜையும்

மொரப்பூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மிக்சி, பேன், கிணற்று மோட்டார் வரும். ரேடியோ எப்போதாவதுதான்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒரு தையல்கார அம்மா வந்தார். சாக்குப் பைக்குள் பழைய வால்வு ரேடியோ. அவருடைய அப்பா வாங்கியது.

"பாடுமாண்ணா?"

"பார்க்கலாம்."

"மிஷின் மிதிக்கறப்ப பக்கத்துல பாடணும். செல்லுல பாட்டு வெச்சா எவளாவது கூப்புட்டு ஜாக்கெட் ரெடியாங்கறா. பாட்டும் நிக்குது, கட்டிங்கும் தப்பாவுது."

தூக்கினேன். கனமே இல்லை. பின் அட்டையைக் கழற்றினால் டிரான்ஸ்பார்மர் இல்லை. செம்புக்காக யாரோ பிடுங்கி விற்றுவிட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் அதை வைக்க ஓட்டைகூட அடித்திருக்கவில்லை. வீட்டுக் கரண்ட் நேராக உள்ளே போய் வால்வு வால்வாக ஓடுகிற செட் அது. வருகிற இரண்டு ஒயரில் ஒன்று சேசிஸில், அதாவது எல்லாவற்றையும் தாங்குகிற இரும்புத் தகட்டில், பற்றவைத்திருந்தது.

மெழுகு வழிந்த கண்டன்சர்களை மாற்றினேன். வெடித்துப்போன ஒயரை மாற்றினேன். அறுபது வாட் பல்பு ஒன்றை நடுவில் கோத்து கரண்ட் கொடுத்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும். இது பளிச்சென்று எரிந்து மங்கியது. பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தேன். வால்வுகள் சிவந்தன. கொஞ்ச நேரத்தில் கன்னடத்தில் யாரோ மழை பற்றிப் பேசினார்கள்.

சேசிஸில் டெஸ்டர் வைத்தேன். எரிந்தது. இரண்டு முள் பிளக். திருப்பிச் சொருகினேன். எரியவில்லை. ஒரு பக்கம் சொருகினால் தகடு முழுக்கக் கரண்ட், மறு பக்கம் இல்லை. அந்த பிளக்கை வெட்டிவிட்டு மூன்று முள் போட்டேன். அது ஒரே மாதிரிதான் சொருகும். தொட்டால் அடிக்காத நியூட்ரல் ஒயரைத் தகட்டுக்குக் கொடுத்தேன். வேலை முடிந்தது என்று அனுப்பிவிட்டேன்.

நடுவில் கோத்துப் பார்த்த அந்தப் பல்பு செட்டைத்தான் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. அது தெரியும். ஆனால் அவர் வீட்டு பிளக் பாயிண்டில் ஒயர் சரியாக இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. கடையைக் கழுவி விட்டிருந்தோம். என் மனைவி வெறுங்காலோடு ஈரத்தில் நின்று டிரில்லிங் மிஷினுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தாள். ஈர விரல் நேராக ஸ்க்ரூவின் தலையில் பட்டது.

"மெயின ஆப் பண்ணிட்டியா?"

"வருசா வருசம் இதே கேள்வி. பண்ணிட்டேங்க. பொட்டு வெச்சு சாவற ஆளு நானில்ல."

எனக்கு ரேடியோ ஞாபகம் வந்தது. பின் அட்டையில் நாலு ஸ்க்ரூ. நாலும் அந்தத் தகட்டில்தான் இறங்குகின்றன. அந்த அம்மாவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். எடுக்கவில்லை. வண்டிச் சாவியை எடுத்தேன்.

"எங்க கெளம்பறீங்க? பூசணிக்கா யாரு ஒடைக்கறது?"

"நீயே ஒட."

போய்ச் சேர்ந்தபோது வாசலிலேயே ரேடியோ கேட்டது. உள்ளே தரை ஈரம். தையல் மிஷின், கத்தரி, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றிலும் பொட்டு. அந்த அம்மா சந்தனக் கிண்ணத்தோடு ரேடியோவின் பின்பக்கம் குனிந்திருந்தார். முன்பக்கம் பொட்டு வைத்தால் ஸ்டேஷன் நம்பர் மறைந்துவிடும் என்று பின்னால் வைக்கப் போனாராம்.

"தொடாதீங்க!"

"ஏண்ணா, பூஜை நாளும் அதுவுமா இப்படிக் கத்தறீங்க?"

"கைய எடுங்கம்மா. தள்ளி வாங்க."

ஸ்க்ரூவில் டெஸ்டர் வைத்தேன். எரிந்தது. சுவரில் சுவிட்சை நிறுத்தினேன். அப்போதும் எரிந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். ஒயரிங் செய்தவர் கரண்ட் ஒயரையும் நியூட்ரலையும் இடம் மாற்றிக் கொடுத்திருந்தார்.

"நேத்து தொடைக்கறப்ப சுர்ருன்னுச்சு," என்றார் அவர். "நாளெல்லாம் கத்தரி புடிக்கற கை, மரத்துப் போச்சுன்னு நெனச்சேன்."

"நேத்து கால்ல செருப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு. இன்னிக்கு யாருங்க போடுவா, பூஜை வூட்ல?"

"என் தப்பு," என்றேன்.

பிளக் பாயிண்டைச் சரிசெய்துவிட்டு ரேடியோவைத் திருப்பி எடுத்து வந்தேன். இந்த முறை ஒரு டிரான்ஸ்பார்மரே கட்டினேன். இரண்டு காயிலுக்கும் ஒரே அளவு சுற்று. உள்ளே எவ்வளவு போகிறதோ அவ்வளவே வெளியே வரும். ஆனால் இரண்டுக்கும் ஒயர் தொடர்பு கிடையாது. அதனால் தகட்டைத் தொட்டாலும் கரண்ட் ஆள் வழியாகத் தரைக்கு ஓடாது. மரப்பெட்டியில் பியூஸோடு அடைத்தேன். ரேடியோ ஒயரைப் பெட்டிக்குள்ளேயே பற்றவைத்தேன், யாரும் சுவரில் நேராகச் சொருக முடியாதபடி. அட்டைக்கு பிளாஸ்டிக் ஸ்க்ரூ போட்டேன். மீட்டரில் பார்த்தேன். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு மறுபடி பார்த்தேன்.

கொண்டுபோனபோது அந்த அம்மா கை நீட்டவில்லை.

"அங்க வெச்சுப் போடுங்க. மொதல்ல நீங்க தொடுங்க."

செருப்பைக் கழற்றினேன். அவர் ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். அதில் நின்றேன். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பின் அட்டையைத் திறந்து, தகட்டின் ஓரத்தில் புறங்கையை வைத்தேன். ஒன்றுமில்லை. பத்து எண்ணும்வரை எடுக்கவில்லை.

"சரி, மூடுங்க," என்றார்.

மூடினேன். அவர் மிஷினில் உட்கார்ந்தார். கொஞ்சம் மிதித்துவிட்டு எழுந்து, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

சுற்றாமலும் தொடலாம் என்று நான் சொல்லவில்லை.