காவல் முறையைப் பந்தயம் வைத்தவன்

கோலசிலாங்கூருக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்த காலத்தில், சீட்டாட்டத்தில் என்னை மிஞ்ச அந்த வட்டாரத்திலேயே ஆள் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்பியவன் நான் ஒருவன்தான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அது மலாயாவில் எமர்ஜென்சி காலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் கர்பியு, யாரும் வெளியே நடமாடக் கூடாது. வேலி வாசலில் மலாய் போலீஸ்காரர்களோடு தோட்டத்து உத்தியோகஸ்தர் ஒருவரும் காவல் நிற்க வேண்டும் என்பது வெள்ளைக்காரத் துரையின் உத்தரவு. இந்த வேலை எங்கள் மூன்று பேர் தலையில் விழுந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து தரும் டிரெஸ்ஸர், பள்ளிக்கூட வாத்தியார், நான். முறை வைத்து நின்றோம். மழைக் காலத்தில் வாசலில் நிற்பதைவிடப் பாம்புப் புற்றில் படுப்பது மேல். கொசு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். யாருக்கும் அந்த வேலை பிடிக்கவில்லை. பிடிக்காத வேலையைத்தான் நாங்கள் பந்தயம் வைத்தோம்.

ஆபீஸ் மூடியதும் டிரெஸ்ஸர் வீட்டில் கூடுவோம். அவருக்கு நாற்பது வயதுக்கு மேல். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். போக்கர் என்ற ஆட்டத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். ஆனால் காசு வைக்க மட்டும் ஒப்பவில்லை.

“காசு வச்சா அது சூது தம்பி. வேற ஏதாவது வச்சுக்கலாம்” என்றார்.

காவல் முறையை வைக்கலாம் என்று சொன்னது வாத்தியார். ஒரு ரப்பர் கொட்டைக்கு ஒரு முறை. கொட்டை தோற்றவன், ஜெயித்தவனுக்குப் பதிலாக வாசலில் நிற்க வேண்டும். தோட்டம் முழுக்க ரப்பர் கொட்டை இறைந்து கிடக்கிறதே, பொறுக்கிக்கொண்டு வந்து ஆடலாமே என்று எனக்கு உடனே தோன்றியது. டிரெஸ்ஸருக்கும் தோன்றியிருக்க வேண்டும். புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தால் ஒவ்வொரு கொட்டையிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் பங்கு பிரித்தார். தோற்றதைக் கணக்கில் எழுதிக்கொண்டு, மறுநாள் மறுபடி சமமாகப் பிரிப்பார்.

ஆட்டம் எளிது. ஒரு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள், அதை நாம் மட்டும் பார்க்கலாம். அடுத்த நான்கும் ஒவ்வொன்றாக எல்லார் கண்ணுக்கும் தெரியத் திறந்து விழும். ஒவ்வொரு சீட்டு விழும்போதும் பந்தயம் வைக்கலாம். பந்தயத்துக்கு எல்லை கிடையாது. முன்னால் இருப்பது அத்தனையையும் ஒரே தள்ளாகத் தள்ளலாம். எதிராளி துணிந்து ஈடு வைத்தால் சீட்டைக் காட்டவேண்டும். பயந்து சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டால் நடுவில் உள்ளது நமக்கு, சீட்டைக் காட்டவும் வேண்டாம்.

அந்தக் கடைசி விதிதான் என்னைக் கெடுத்தது. நல்ல சீட்டு எதற்கு, நல்ல நெஞ்சு போதும் என்று முடிவுகட்டினேன். வாத்தியார் எனக்கு நேர் எதிர். ஜோடி சேராமல் ஒரு கொட்டையைத் தொடமாட்டார். அதனால் அவர் தொட்டாலே நாங்கள் இருவரும் கவிழ்த்துவிடுவோம். நல்ல சீட்டு வந்தும் அவருக்குப் பெரிதாக எதுவும் கிடைத்ததில்லை. நானோ எல்லா ஆட்டத்திலும் தள்ளினேன். அதனால் என்னை யாருமே நம்பவில்லை. இது புரிய எனக்கு ஒரு மழைக் காலம் முழுவதும் ஆயிற்று.

ஒரு ஆட்டம் நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு முதலில் திறந்து விழுந்தது ஆஸ். பிறகு ஒன்பது, நாலு, ராணி. கவிழ்ந்திருந்தது வெறும் மூன்று. கையில் ஒன்றுமில்லை. டிரெஸ்ஸருக்கு மேலேயே இரண்டு ஏழு தெரிந்தது. கவிழ்ந்திருப்பதும் ஆஸ்தான் என்று அவர் நினைத்தால் அந்த ஏழு ஜோடியைக் கவிழ்த்துவிடுவார். முன்னால் இருந்த கொட்டை அத்தனையையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினேன்.

டிரெஸ்ஸர் சீட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“நீங்க நல்லா யோசிச்சுச் செய்யுங்க” என்றேன். “அவசரமே இல்லைங்க.”

காப்பி போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி அடுப்படியிலிருந்து கேட்டார்: “தம்பிக்குக் கையில ஒண்ணுமில்லையா? ரொம்ப மரியாதையாப் பேசுது.”

டிரெஸ்ஸர் சிரிக்கவேயில்லை. கொட்டைகளை எண்ணி ஈடு வைத்தார். நான் என் மூன்றைத் திருப்பிக் காட்டினேன். வாத்தியார் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார்.

பிறகுதான் சொன்னார்கள். நல்ல சீட்டு வந்தால் நான் “போடுண்ணே சீக்கிரம்” என்று அதட்டுவேனாம். கை காலியாக இருந்தால் “வாங்க, போங்க” வந்துவிடுமாம். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டே அந்த அம்மாவுக்கு என் சீட்டு தெரிந்திருக்கிறது.

“மரியாதைய விடு” என்றார் டிரெஸ்ஸர். “மொத சீட்டு திறந்தப்பவே உனக்கு ஆஸ் ஜோடி இருந்திருந்தா, மூணு சுத்து சும்மாவா உக்காந்திருப்ப? கடைசியில வந்து கத்துறவன் கையில சரக்கு இருக்காது.”

பொய் சொல்வதென்றால் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். நான் கடைசிப் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுக் கதை என்று நீட்டியிருக்கிறேன். புரிந்தது. புரிந்த பிறகும் மறுநாள் அதையே செய்தேன்.

விளைவு, அந்த மழைக் காலம் முழுக்க வாசலில் நான்தான். டிரெஸ்ஸர் முறையும் நான், வாத்தியார் முறையும் நான். காலையில் கண் சிவந்து ஆபீசுக்குப் போய்ச் செக்ரோல் பேரேட்டின் மேலேயே தூங்கி விழுவேன். துரை இதைக் கவனித்துவிட்டார். மற்றவர்கள் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிக்கும் வேலையை ஒரு சின்னக் கிராணி விடாமல் செய்கிறானே என்று அவருக்கு வியப்பு. ஒருநாள் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில், தொழிலாளர்கள் அத்தனை பேர் முன்னாலும் என் தோளில் கை போட்டு, தமக்குத் தெரிந்த தோட்டத் தமிழில் சொன்னார்:

“இவன் நல்ல ஆளு. பயம் இல்ல. எல்லாரும் இவன் மாதிரி இருக்கணும்.”

எனக்கு ஒரு தொப்பியும் காவல் தலைவர் என்ற பெயரும் கிடைத்தன. கூட்டத்தின் பின்னால் நின்ற டிரெஸ்ஸர் வானத்தைப் பார்த்தார். வாத்தியார் இருமிக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டார்.

தலைவருக்கு ஒரு கூடுதல் மரியாதையும் இருந்தது. மாதக் கடைசியில் கோலசிலாங்கூருக்குப் போய்ச் சம்பளப் பணத்தைக் கொண்டுவரும், காட்டிலிருப்பவர்கள் குறிவைக்கும் லோரியில் இனி நான் போகவேண்டும். அதுவரை போய்வந்த பெரிய கிராணி அன்று எனக்குக் கைகொடுத்த விதத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் வேறு எவர் முகத்திலும் கண்டதில்லை.

இரும்புத் தகடு அடித்த லோரி. முன்னால் டிரைவரும் நானும். பின்னால் துப்பாக்கியோடு நான்கு மலாய் போலீஸ்காரர்கள், அவர்களுக்கு ஒரு கார்ப்பரல். போகும்போது ஒன்றுமில்லை. பணத்தோடு திரும்பும்போது, செம்மண் சாலை வளைகிற இடத்தில் ஒரு மரம் குறுக்கே கிடந்தது. காலையில் அது அங்கே இல்லை. இரண்டு பக்கமும் ஆள் உயர லாலான் புல்.

டிரைவர் லோரியை நிறுத்தினார். கார்ப்பரல் பின்னாலிருந்து தகட்டைத் தட்டி, “மச்சாம் மானா, கிராணி?” என்றார். எப்படி, என்ன செய்யலாம் என்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, தொப்பி என் தலையில் அல்லவா இருக்கிறது.

“வேரோட சாஞ்சிருக்கு” என்றார் டிரைவர். “ராத்திரி காத்துல ஆடிப்போயி இப்ப விழுந்திருக்கும். எறங்கித் தள்ளுனா அரை மணியில போயிரலாம்லா. அங்க சனங்க சம்பளத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கு.”

இறங்கித் தள்ளி, புல்லில் யாரும் இல்லையென்றால், எங்களுக்குக் கிடைப்பது சீக்கிரம் வீடு போய்ச் சேர்வது. யாராவது இருந்துவிட்டால் போவது ஏழு பேர் உயிர். இவ்வளவு சின்ன லாபத்துக்கு அவ்வளவு பெரிய பந்தயம் வைக்கிறவன் மடையன். இப்படியெல்லாம் நான் அங்கே கணக்குப் போட்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் எந்தக் கணக்கும் இல்லாமல் பயத்தில் வாய் தானாகப் பேசிவிட்டது.

“வேணாங்க” என்றேன். “திருப்பிருங்க. தயவுசெஞ்சு திருப்பிருங்க.”

டிரைவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அதற்குமுன் நான் அவரை “ங்க” போட்டு அழைத்ததில்லை. பிறகு லோரியைப் பின்னோக்கி எடுத்தார்.

பணத்தைக் கோலசிலாங்கூர் போலீஸ் ஸ்டேஷனில் வைத்தோம். மறுநாள் இரண்டு போலீஸ் வண்டிகள் கூட வந்தன. மரத்தை இழுத்துப் போட்டார்கள். சாலையோர மேட்டுக்குப் பின்னால் ஒரு இடத்தில் லாலான் படிந்து கிடந்தது. ஆள் படுத்திருந்ததா, காட்டுப்பன்றி படுத்திருந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. கவிழ்த்துவிட்டவனுக்கு எதிராளி சீட்டைக் காட்டுவதில்லை.

தோட்டத்தில் சம்பளம் ஒருநாள் தள்ளிப்போனதில் எல்லாருக்கும் எரிச்சல். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அம்மா ஒருத்தி சம்பள மேசையில் என்னிடம் கேட்டாள்: “ஏன் கிராணியாரே, மரம் கடிச்சிருமா?” வரிசை முழுக்கச் சிரித்தது. துரை சிரிக்கவில்லை. “நீ ஏன் பயம்?” என்று மட்டும் கேட்டார். தொப்பியை வாங்கி வாத்தியாரிடம் கொடுத்துவிட்டார்.

அன்று மாலை டிரெஸ்ஸர் வீட்டுக்குத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனேன்.

“சரியாத்தான் செஞ்ச” என்றார் அவர்.

“புல்லுக்குள்ள யாருமே இல்லாம இருந்திருந்தா?”

“அப்பவும் சரிதான். என்ன தெரிஞ்சுச்சோ அத வச்சுத்தான் முடிவு பண்ண முடியும். பின்னால என்ன ஆச்சுங்கிறது வேற கதை.”

மார் நிமிர்ந்துவிட்டது. இனி எனக்கு ஆட்டம் பிடிபட்டுவிட்டது என்ற உற்சாகத்தில் சீட்டைப் போடச் சொன்னேன். கர்பியு மணி அடிப்பதற்குள் என் பங்குக் கொட்டை அத்தனையையும் தோற்றேன்.

அடுத்த மாதம் லோரியில் வாத்தியார் போனார். அன்று டிரெஸ்ஸருக்கும் எனக்கும் வேலை ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் நடுவே ஏதாவது காரணம் வைத்து நடந்துகொண்டே இருந்தோம். லோரிச் சத்தம் கேட்டதும் இருவரும் வாசலுக்கு ஓடினோம். வாத்தியார் ஒரு கையில் பணப்பெட்டியையும் மறு கையில் நீர் சொட்டுகிற ஒரு கோணிப்பையையும் பிடித்தபடி இறங்கினார். கோலசிலாங்கூர்ச் சிப்பி.

“அந்த வளைவு வந்தப்ப கண்ண மூடிக்கிட்டேன்” என்றார். “திறந்து பாத்தா நம்ம ரப்பர் மரம் தெரியுது.”

டிரெஸ்ஸர் மனைவி அதைச் சட்டி நிறைய அவித்து, மிளகாய் அரைத்து வைத்தார். சுடச்சுட ஓட்டைப் பிரித்துத் தின்றோம். வாத்தியார்தான் அதிகம் தின்றார். அன்று யாரும் சீட்டைக் கையில் எடுக்கவில்லை.