ஆறரை மணிப் பசி

போன செவ்வாய்க்கிழமை, மெடிக்கல் ஷாப் வாசலில் இருக்கும் எடை மெஷினில் என் பையனை ஏற்றி நிறுத்தினேன். பெயர் கவின். நாலரை வயது. மூன்று வாரமாக ராத்திரிச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடாத பிள்ளை. எவ்வளவு இளைத்திருப்பானோ என்ற பயத்தோடுதான் ஏற்றினேன்.

ஒரு கிலோ கூடியிருந்தான்!

போன மாதம் சளிக்கு டாக்டரிடம் போனபோது பார்த்த எடை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "மெஷின் சரியா இருக்கா பாஸ்?" என்று கடைக்காரரைக் கேட்டேன். "சந்தேகம்னா நீங்க ஏறிப் பாருங்க சார்" என்றார். ஏறினேன். மெஷின் சரியாகத்தான் இருந்தது. என் எடையைப் பற்றி இங்கே பேசுவதாக இல்லை.

ராத்திரி பட்டினி கிடக்கும் பிள்ளைக்கு எப்படி எடை ஏறும்? அங்கே ஆரம்பித்தது என் குழப்பம்.

எங்கள் வீட்டு நிலவரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் வாரம் ஒரு நாள்தான் இந்தப் பத்தியில் உங்களோடு அரட்டை அடிக்கிறவன். மற்ற ஆறு நாளும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்கிறேன். முதல் ஷிஃப்ட். விடியும் முன்னே கிளம்பினால் மூன்று மணிக்கெல்லாம் பாரிவாக்கத்து வீட்டில் இருப்பேன். மனைவி மாலதி, திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். இத்தனை நாள் அவளும் சாயங்காலம் சீக்கிரமே வந்துகொண்டிருந்தாள். போன மாதம் ஷிஃப்டை மாற்றிவிட்டார்கள். இப்போது பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புகிறாள். ஏழு மணிக்கு வேலை முடிந்து, ரயில் பிடித்து, ஆவடியில் இறங்கி, ஸ்டாண்டில் ஸ்கூட்டரை எடுத்து வீட்டுக்கு வர எட்டரை.

ஆக, ராத்திரிச் சமையல் என் தலையில்.

மாலதி போட்டது ஒரே ஒரு கண்டிஷன். "எது வேணா செய்யுங்க. ஆனா நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடணும். அந்த அரை மணி நேரம்தான் நாம எல்லாரும் ஒண்ணா இருக்கறது." நியாயம்தானே? நானும் மண்டையை ஆட்டினேன். அவள் தினமும் ரயிலில் இருந்து போன் செய்வாள். "வேப்பம்பட்டு தாண்டிட்டேன்." அதுதான் எனக்கு சிக்னல். உடனே அடுப்பைப் பற்ற வைப்பேன்.

என்ன சமைப்பது? போனில்தான் ஊரே சமைக்கிறதே! 'பதினைந்தே நிமிடத்தில் குழந்தைகளுக்குப் பிடித்த டின்னர்' என்று தட்டினால் கொட்டுகிறது. முதல் நாள் பீட்ரூட் சப்பாத்தி. அடுத்த நாள் பனீர் பணியாரம். அப்புறம் காய்கறி போட்ட மசாலா பாஸ்தா. வீடியோவில் பதினைந்து நிமிஷம். எனக்கு நறுக்குவதையும் சேர்த்து ஒரு மணி பத்து நிமிஷம். அந்த வீடியோ அம்மாவுக்கு வெங்காயம் நறுக்கியே வந்துவிடுகிறது... எனக்கு அப்படியா?

எட்டரைக்குத் தட்டு வைப்பேன். கவின் ஒரு பணியாரத்தை எடுப்பான். மோந்து பார்ப்பான். திருப்பி வைப்பான்.

"வயிறு ஃபுல்லுப்பா."

எதுவுமே சாப்பிடாமல் எப்படிடா ஃபுல் ஆகும்? கெஞ்சினேன். கதை சொன்னேன். முடித்தால் போன் தருகிறேன் என்றேன். பணியாரத்துக்குக் கண் மூக்கு வைத்துப் பார்த்தேன். ம்ஹூம். நல்லவேளை, பெரியவள் நிலா இருந்தாள். எட்டு வயது. "சூப்பரா இருக்குப்பா" என்று சொல்லிக்கொண்டே மெதுவாக, ரொம்ப மெதுவாக, முழுசையும் சாப்பிட்டுவிடுவாள். என் சமையலுக்கு அவள் ஒருத்திதான் ரசிகை என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை மர்மம் உடைந்தது.

அன்றைக்கு ஏதோ சேமியா ஐட்டம். கறிவேப்பிலை இல்லை. கீழ்வீட்டுத் தோட்டத்தில் மரம் இருக்கிறது. பறித்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன். கீழே எங்கள் ஹவுஸ் ஓனர் தனம் அக்கா குடும்பம். பாரிவாக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். நிலத்தில் பாதிக்கு மேல் பிளாட் ஆகிவிட்டது. மிச்சம் இருக்கிற துண்டில் கீரை போடுகிறார்கள். அக்காவின் வீட்டுக்காரர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். என் பிள்ளைகள் ஹோம்வொர்க் முடித்ததும் ஆறு மணிக்கு விளையாடக் கீழே போவது வழக்கம்.

விளையாட்டுச் சத்தத்தையே காணோம். கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன்.

ஹாலில் பாய் போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வேன்கார அண்ணன், அவர் மகன், என் மகள், என் மகன். கவின் தட்டில் ஆவி பறக்கிற சோறு. மேலே சிறுகீரைக் கடைசல். ஓரத்தில் அரை முட்டை. கீரை என்றால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிற பையன்... விரலை நக்கிக்கொண்டிருந்தான்!

என்னைப் பார்த்ததும் நிலாவின் கை அப்படியே நின்றுவிட்டது. கவின் நிறுத்தவில்லை. "அப்பா, நீயும் உட்காரு" என்றான். அவன் வீடு மாதிரி.

தனம் அக்கா கரண்டியோடு வெளியே வந்தார்.

"இன்னா சார் அப்புடி நிக்கிற? உள்ள வா."

"இல்லக்கா... இவங்க இங்க... தினமும் சாப்பிடறாங்களா?"

"உனுக்குத் தெரியாதா?" அக்கா முகத்தில் நிஜமாகவே ஆச்சரியம். "எங்க ஊட்ல ஆறரைக்கு சோறு ஆய்டும் சார். இவுரு விடியகாத்தால வண்டி எடுக்கணுமில்ல? சோத்த வடிக்கச் சொல்ல உன் புள்ள வாசப்படில வந்து நின்னுக்கினு கெடக்கும். இன்னாடான்னா, 'வாசனை வருது'ன்னும். பசிக்கிற புள்ளைய நிக்க வெச்சிக்கினு நாங்க துன்னா எங்களுக்கு எறங்குமா?"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

"நீ மேல பெரிய பெரிய ஐட்டமா செய்ற, வாசனை எல்லாம் கீழ வருது. ஆனா நீ முடிக்கச் சொல்ல புள்ள தூங்கிடும் சார். சின்னப் புள்ளைக்கு ஆறரைக்குப் பசி. எட்டரைக்குத் தூக்கம். அவ்ளோதான்."

அவ்வளவுதான். மூன்று வாரமாக நான் போனில் தேடியதை அக்கா ஒரு கரண்டியை ஆட்டி முடித்துவிட்டார்.

சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு அந்த நேரத்தில் பொறாமையாக இருந்தது. கீரைச் சோற்றின் மேல் பொறாமை! ஒரு மணி நேரம் கால் கடுக்க நின்று பணியாரம் சுட்டவன் நான். என் பிள்ளை ரசித்துச் சாப்பிடுவதை நான் பார்த்து எத்தனை நாளாச்சு? அதையும் அடுத்த வீட்டு ஹாலில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறதே...

மேலே வந்ததும் நிலாவைக் கேட்டேன். கோபமாக இல்லை. கொஞ்சம் குரல் மட்டும் மாறியிருக்கும் போல. அவள் கண் கலங்கிவிட்டது.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க ஃபீல் பண்ணுவீங்கன்னு."

"அப்ப நீ தினமும் ரெண்டு தடவையா சாப்பிட்ட?"

தலையாட்டினாள். "தம்பியும் சாப்பிடாம நானும் சாப்பிடலைன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல? அதான் கீழ கொஞ்சமா சாப்பிட்டுட்டு, இங்க முழுசா சாப்பிட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அந்த பீட்ரூட் சப்பாத்தி அன்னிக்குத்தான்பா ரொம்ப முடியல."

அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். என் ஒரே ரசிகை, ரசிகையே இல்லை. என் மனசு நோகக்கூடாது என்று மூன்று வாரம் வயிற்றை நிரப்பிக்கொண்ட எட்டு வயதுக்காரி! இந்த மாதிரி நமக்காக நம் பிள்ளைகள் சத்தமில்லாமல் இன்னும் என்னென்ன செய்துகொண்டிருக்கிறார்களோ? நமக்குத் தெரிவது எவ்வளவு?

சரி, மாலதியிடம் எப்படிச் சொல்வது? அவள் கேட்டது ஒரே ஒரு விஷயம். சேர்ந்து சாப்பிடுவது. அந்த அரை மணி நேரத்துக்காக நெரிசலில் நின்றுகொண்டு வருகிறவள். 'பிள்ளைகள் உனக்காகக் காத்திருக்கவில்லை' என்று எந்த வாயால் சொல்ல?

அவள் ஸ்கூட்டரை கேட் உள்ளே ஏற்றும்போதே கீழே இறங்கிப் போய்விட்டேன். மேலே வருவதற்குள் சொல்லிவிடுவது நல்லது. ஹெல்மெட்டைக் கழற்றக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். எடை மெஷின், கீரை, இரண்டு தடவை சாப்பாடு...

மாலதி ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியின் மேல் வைத்தாள்.

"ஏங்க... அப்ப என் ஆசைக்காகப் பசிக்கிற பிள்ளைங்களை ரெண்டு மணி நேரம் காக்க வைக்கப் பார்த்திருக்கேன். அப்படித்தானே?"

"சேச்சே, அப்படி இல்ல மாலு. நான்தான் கவனிக்கல."

அவள் தன் ஹேண்ட்பேக்கைத் திறந்தாள். உள்ளிருந்து எண்ணெய் ஊறிய ஒரு பேப்பரை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"என்ன இது?"

"சமோசா பேப்பர். தினமும் ரயில் ஏறும்போது ரெண்டு வாங்கிடுவேன். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்டது... எட்டரை வரைக்கும் தாங்க முடியலைங்க. உங்ககிட்ட சொல்லலாம்னுதான் நினைப்பேன். ஆனா நீங்க பாவம், ஆசை ஆசையா பணியாரத்துக்குக் கண்ணு மூக்கெல்லாம் வெச்சிருப்பீங்க..."

அப்ப ராத்திரி எட்டரை மணிக்கு நிஜமான பசியோடு தட்டு முன்னால் உட்கார்ந்தவன் நான் ஒருவன்தானா என்று கேட்டேன்.

"ஆமாங்க" என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். கேட் பக்கத்தில் நின்றுகொண்டு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். தனம் அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, நல்ல சேதியா?" என்றார்.

நல்ல சேதிதான் அக்கா!

வெள்ளிக்கிழமையில் இருந்து புது ஏற்பாடு. மூன்று மணிக்கு வந்ததும் அரிசி, பருப்பு ஊற வைத்துவிடுகிறேன். ஆறு மணிக்கு குக்கர். மூன்று விசில். பருப்பு சாதம், மேலே நெய், பக்கத்தில் முட்டை. ஆறரைக்குத் தட்டு. முதல் நாள் கவின் பன்னிரண்டு நிமிஷத்தில் காலி செய்தான். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த நாள் இட்லி மாவில் கேரட் துருவிப் போட்டு ஊத்தப்பம். நேற்று, திங்கட்கிழமை, தக்காளி சாதம். வீடியோ பக்கம் போகவே இல்லை. கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. ஒரே ஒரு விஷயம் இருந்தது. பசி. அதைவிட நல்ல தொடுகறி உலகத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மாலதிக்கும் ஒரு டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். "நான் வீட்டுக்கு வந்தே சாப்பிடறேன். பிள்ளைங்க பக்கத்துல உட்கார்ந்தா போதும்." சாயங்காலத்துக்குக் கொஞ்சம் சுண்டல் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறாள்.

நேற்று எட்டரைக்கு அவள் வந்து கை கால் கழுவி உட்கார்ந்தாள். நான் இரண்டு தட்டு வைத்தேன். அவளுக்கும் எனக்கும். பிள்ளைகள் இரண்டு பேரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். நிலா கையில் ஒரு வாழைப்பழம். ஒரே ஒரு வாழைப்பழம். ஸ்கூலில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே நிதானமாகச் சாப்பிட்டாள். நாலு பேரும் ஒன்றாகத்தானே இருந்தோம்? சாப்பிடுவது நாலு பேராக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

அப்போது கவினுக்கு என்ன தோன்றியதோ... அம்மா தட்டில் கைவிட்டு ஒரு வாய் எடுத்தான். பாதி சாதம் அவள் மடியில் கொட்டியது. மீதியை அவள் வாய்க்கு நேராக நீட்டினான். நானும் அவளும் நாலரை வருஷமாக அவனிடம் சொல்லும் அதே குரல்.

"வாயத் திற... பெரிசா... இன்னும் ஒரே ஒரு வாய். சமத்துல்ல? முழுசா முடிச்சாதான் போன் தருவேன்."

மாலதி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டு முடித்தாள்.

போனை மட்டும் அவன் இன்னும் தரவில்லை!