கப்பலில் கூப்பிடாத பந்தி

கப்பலில் போய்வந்தோம் என்று சொன்னால் மதுரைக்காரர்கள் கடலைப் பற்றி முதலில் கேட்பதில்லை. "என்ன சாப்பாடு போட்டாய்ங்க?" என்றுதான் கேட்பார்கள். கடல் எங்கேயும் ஓடிப்போகாது, அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் மட்டும் அந்தக் கேள்வி வந்தால் அம்மா பேச்சை மாற்றிவிடுவார். அப்பா மாற்றமாட்டார். "நல்ல சாப்பாடுண்ணே. கூப்பிட்டுப் போட்டாய்ங்க" என்பார். அந்தக் 'கூப்பிட்டு' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு முழு நாள் பட்டினி கிடக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் அப்பா பைப் கடை வைத்திருந்தார். போர்வெல் குழாய், மோட்டார், சொட்டுநீர்க் குழாய் எல்லாம் விற்பார். பிறத்தியார் வயலுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் பாய்ச்சிய வம்சத்தில், தண்ணீர்க் குழாய்க் கடைக்குத் தன் பெயரில் பலகை மாட்டிய முதல் ஆள் அவர்தான். அந்த வருடம் நன்றாக விற்றுக்கொடுத்த கடைக்காரர்களையெல்லாம் குடும்பத்தோடு கப்பலில் கூட்டிப்போவதாக பைப் கம்பெனி சொல்லியிருந்தது. கொச்சியில் ஏறி, கடலுக்குள் சுற்றிவிட்டு, கொச்சியிலேயே இறங்கிவிட வேண்டும்.

"எறங்குறதுக்கு ஊரே இல்லாம ஒரு வண்டியா மாப்ள?" என்றார் என் தாய்மாமா. அவரால் அதை நம்பவே முடியவில்லை. ஏறின இடத்திலேயே இறங்குவதற்கு ராட்டினம் போதாதா என்று கேட்டார். அக்கம்பக்கத்தில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். வாந்திக்கு எலுமிச்சம்பழம், தலைசுற்றலுக்குச் சுக்கு, பயத்துக்கு விபூதி. "கப்பலே கவுந்தாலும் கன்னத்துல மட்டும் கை வைக்காதே" என்று எதிர்வீட்டுப் பெரியம்மா அம்மாவை எச்சரித்து அனுப்பினார். ஏதோ அந்தக் கை வைப்பதனால்தான் கப்பல் கவிழும் என்பதுபோல.

துறைமுகத்திலேயே முதல் அடி விழுந்தது. மூன்று வேளைக்குக் காணும் என்று அம்மா கட்டியிருந்த புளிச்சோற்றுத் தூக்குவாளியைப் பரிசோதனை மேசையில் திறந்து பார்த்த அதிகாரி, சமைத்த உணவு கப்பலுக்குள் போகாது என்றார். அம்மா கெஞ்சிப் பார்த்தார். பிறகு வாளியைத் திருப்பி வாங்கி, வரிசையில் முன்னும் பின்னும் நின்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கை அள்ளிக் கொடுத்தார். "சோத்தைக் குப்பையில போடுற பாவம் எனக்கெதுக்கு? தின்னுட்டு ஏறுங்க" என்றார். அந்த அதிகாரிக்கும் ஒரு கை கிடைத்தது. சீல் பிரிக்காத பிஸ்கட் பொட்டலங்களை மட்டும் உள்ளே விட்டார்கள்.

கப்பலில் போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். அறையைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆரப்பாளையம் லாட்ஜில்கூட ஜன்னலைத் திறந்து, கீழே போகிற டீக்காரரைக் கூப்பிடலாம். இங்கே ஜன்னல் திறக்காது. கழிப்பறையில் பொத்தானை அமுக்கினால் வருகிற சத்தத்தைக் கேட்டால், பூனைக்குட்டி இருந்தால் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும் போலிருக்கும். செல்போன் கரையோடு செத்துப்போகும். ஆட்டமும் நீங்கள் நினைக்கிற ஆட்டம் இல்லை. மேலூர் பஸ் குலுக்கும், கப்பல் குலுக்காது. யோசித்து யோசித்து ஒரு பக்கம் சாயும். நம் வயிறு அந்த யோசனையில் கலந்துகொள்ளும்.

கிளம்புவதற்கு முன்னால் எல்லாரையும் ஒரு தளத்துக்கு வரச்சொல்லி, ஆபத்து வந்தால் மிதவைச் சட்டையை எப்படிப் போடுவது என்று காட்டினார்கள். அறை அறையாகப் பெயர் வாசித்தார்கள். அப்பாவின் பெயரையும் வாசித்தார்கள். அவர் கை தூக்கியபோது முகத்தில் சின்னச் சிரிப்பு இருந்தது. கம்பெனிக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

அந்தச் சிரிப்பு சாயங்காலம் வரைக்கும்தான் நின்றது.

சாப்பாட்டுக்கூடம் எங்கள் தெருவைவிட நீளம். அப்பளம் முதல் ஐஸ்கிரீம் வரை எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் அடுக்கி வைத்திருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அப்படி அள்ளிக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் நானும் தட்டெடுத்துத் திரும்பினால் அப்பாவைக் காணோம். வாசலிலேயே நின்றுவிட்டார்.

அப்பாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது ஊர்ச் சொல். அப்பா அதற்கு நேர் எதிர். எந்தக் கல்யாணத்திலும், எந்தக் காதுகுத்திலும், வீட்டுக்காரர் நேரில் வந்து "வாங்க சாப்பிடலாம்" என்று சொல்லாமல் பந்தியில் உட்காரமாட்டார். தெரிந்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். மறந்த வீடுகளிலிருந்து நாங்கள் வெறும் வயிற்றோடு திரும்பியிருக்கிறோம். "ஒங்கப்பனுக்கு வயிறு காதுல இருக்கு" என்பார் அம்மா. பிடிவாதம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். பிடிவாதம்தான்.

"இங்க யாரும் கூப்பிட மாட்டாய்ங்கங்க. நாமளா எடுத்துத்தான் திங்கணும். அதுதான் இங்க வழக்கமாம்" என்று அம்மா வாசலுக்குப் போய்ச் சொன்னார்.

"நாய்க்குக்கூட ச்சூச்சூன்னு கூப்பிட்டுத்தான சோறு வைக்கிறோம்? முங்குறதுக்குப் பேர் சொல்லிக் கூப்பிட்டாய்ங்கள்ல, திங்கிறதுக்குக் கூப்பிட்டா என்ன?"

"அப்ப நாங்களும் திங்க வேண்டாமா?"

"நீங்க என்கூட வந்தவுக. ஒங்கள நான் கூப்பிடுறேன். போ தாயி, சாப்பிடு" என்று என் முதுகைத் தட்டி உள்ளே அனுப்பினார். அவரைக் கூப்பிட ஆளில்லை. அன்றைக்கு அறையில் பிஸ்கட்டும் தண்ணீரும் சாப்பிட்டுப் படுத்தார்.

மறுநாள் காலையிலும் அதே வாசல், அதே நிலை. அப்போதுதான் அவரைக் கூப்பிட ஒருவர் வந்தார். மேலூர்க் கடைக்காரர். எங்கள் சொந்த ஊர் மேலூருக்குப் பக்கத்தில்தான். எங்கள் ஊரின் பெரிய வீடு அவருடையது. எங்கள் தாத்தா அந்த வீட்டில்தான் பண்ணைவேலை பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது தெரிந்திருந்த மாதிரிதான் அதுவும் தெரியும். அவருக்கும் அப்பாவுக்கும் ஒரே வயது. அவர் அப்பாவை 'ஏப்பா' என்பார். ஊரில் எல்லாரும் அவரை ஐயா என்றபோது, அப்பா மட்டும் 'அண்ணே' என்பார். ஒவ்வொரு அண்ணேக்கும் அவர் முகம் புளியங்காயைக் கடித்ததுபோல ஒருமுறை சுருங்கி விரியும். அதை வேடிக்கை பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

தட்டில் இட்லியை அடுக்கிக்கொண்டு வந்தவர் அப்பாவைப் பார்த்து நின்றார். "ஏப்பா, என்ன வெளியவே நிக்கிற? உள்ள வா. இங்கதான் யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாய்ங்கள்ல?" என்று பெரிதாகச் சிரித்தார்.

எனக்கு நிம்மதியாகிவிட்டது. கூப்பிட்டாயிற்று. இனி அப்பா சாப்பிடுவார். இட்லி தீர்ந்துபோகுமே என்று ஓடிப்போய் அவருக்கு ஒரு தட்டுகூட எடுத்து வந்துவிட்டேன். வந்து பார்த்தால் அப்பா கடல் பக்கம் திரும்பி நடந்துகொண்டிருந்தார். பின்னாலேயே போய், "அவுகதான் கூப்பிட்டாகளேப்பா" என்றேன். அப்பா என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். கூப்பிட்டால் வருவேன் என்கிறவர், கூப்பிட்ட பிறகும் வராவிட்டால் என்ன நியாயம் என்று எனக்குக் கோபம் வந்தது.

மத்தியானத்துக்குள் விஷயம் கம்பெனி மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. சென்னைப் பையன், எந்நேரமும் சிரித்தபடி ஓடிக்கொண்டிருப்பவன். சாருக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று புரிந்துகொண்டு, காரமில்லாமல் தனியாகச் சமைக்கச் சொல்லட்டுமா என்று கேட்டான். அப்பா வேண்டாம் என்றார். உடனே கப்பல் டாக்டரை அனுப்பிவைத்தான். டாக்டர் அப்பாவின் கண்ணை இழுத்துப் பார்த்து, கடல் நோய்க்கு மாத்திரை கொடுத்தார். அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடவேண்டுமாம்! அம்மா அன்று சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்ட பிறகும் வந்துகொண்டிருந்தது. "மானத்தைக் கப்பலேத்தப் போறீகளா, இல்ல உசுரையா? எதையாச்சும் ஒண்ணைச் சொல்லிருங்க" என்று கடைசியில் கேட்டார்.

"ரெண்டையும் கரை எறக்கிருவேன். பேசாம இரு" என்றார் அப்பா.

அன்று மாலை கம்பெனி தருகிற பெரிய விருந்து. அதில் நாமே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. வட்ட வட்டமான மேசைகள். யார் எங்கே உட்கார வேண்டும் என்று பெயர் எழுதி வைத்திருந்தார்கள். வெயில் இறங்கிக் கடல் செம்மண் கரைத்ததுபோல் இருந்தது. அப்பா குளித்து, சலவை வேட்டி சட்டை போட்டு, தலை சீவி, எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். கூடத்தின் வாசல் வரைக்கும் போய் நின்றுவிட்டார். எங்கள் மேசையில் மேலூர்க்காரர் குடும்பம் ஏற்கெனவே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அப்பாவின் பெயர்.

மைக்கில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்த மேனேஜர் பேச்சை நிறுத்திவிட்டு வாசலுக்கு ஓடி வந்தான். "சார், உள்ள போய் உக்காருங்க சார். ப்ளீஸ். எல்லாரும் வெயிட் பண்றாங்க."

"தம்பி, நான் சோத்துக்கு வரல" என்றார் அப்பா. சத்தம் போடவில்லை. ஆனால் கூடம் அமைதியாகிவிட்டதால் எல்லாருக்கும் கேட்டது. "ஒங்க கம்பெனி பைப்பை வித்தேன். நீங்க விருந்துன்னு கூட்டியாந்தீங்க. எங்க பக்கம் விருந்து வைக்கிறவரு வாசலுக்கு வந்து, கையப் பிடிச்சு, வாங்க சாப்பிடலாம்னு ஒரு வார்த்தை சொல்லுவாரு. அதை நீங்க சொன்னா நான் வாரேன். சொல்லலையா, ரூமுல பிஸ்கட்டு இருக்கு. ஒண்ணும் கோவமில்ல."

மேனேஜர் பையன் கெட்டிக்காரன். இல்லை, நல்லவன் என்றே சொல்லிவிடுகிறேன். ஒன்றரை நாளாக அவன் முகத்தில் ஒட்டியிருந்த சிரிப்பு அப்போதுதான் கழன்று விழுந்தது. இரண்டு கைகளாலும் அப்பாவின் கையைப் பிடித்து, "மன்னிச்சிருங்க சார். வாங்க, சாப்பிட வாங்க" என்றான்.

"அம்புட்டுத்தான்" என்றார் அப்பா. நாலு எட்டு வைத்தவர் நின்று, மேலூர்க்காரரைக் காட்டினார். "அண்ணனையும் ஒரு வார்த்தை கூப்பிட்டுருங்க தம்பி. கூப்பிடாமலே உக்காந்துட்டாக."

தேனிக் கடைக்காரர் ஒருவர் வெடித்துச் சிரித்து எழுந்து நின்றார். "ஆமா தம்பி, எங்களையும் யாரு கூப்பிட்டா? கூப்பிடுங்க!" திண்டுக்கல் மேசையும் எழுந்தது. உசிலம்பட்டிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்தி மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றார். மேனேஜர் பையனும் விடவில்லை. மேசை மேசையாகக் கும்பிட்டுக்கொண்டே போனான். "வாங்கண்ணே, வாங்கக்கா, சாப்பிட வாங்க." மேலூர்க்காரரிடமும் போய்க் கும்பிட்டான். வாயில் ரொட்டி இருந்ததால் அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்பா தன் பெயர் இருந்த நாற்காலியில், அவரை ஒட்டி உட்கார்ந்தார்.

ஒன்று ஒன்றாகக் கொண்டுவந்து வைத்தார்கள். அப்பா அவசரப்படவில்லை. சூப்பை ஆறவைத்துக் குடித்தார். மீனில் முள்ளிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தின்றார். சோறு வந்ததும் மறுசோறு கேட்டார், பிறகு இன்னொருமுறை கேட்டார். மேலூர்க்காரர் முடித்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"இருங்கண்ணே" என்றார் அப்பா, தட்டிலிருந்து முகத்தை எடுக்காமல். "பக்கத்துல ஆளு சாப்பிட்டுக்கிட்டு இருக்கையில எந்திரிச்சா மரியாதையா இருக்காது."

அது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த முறைதான். சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை கடைக்காரர்களுக்கும் தெரியும். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மேல்தளத்தில் மேஜிக் ஷோ ஆரம்பித்துவிட்டது என்று பிள்ளைகளெல்லாம் ஓடினார்கள். நான் அப்பாவின் சட்டையை இழுத்தேன். "வேகமாச் சாப்பிடுங்கப்பா" என்றேன். மேசைக்கு அடியில் அம்மா என் தொடையில் கிள்ளியது இன்னும் வலிக்கிறது. பட்டினி கிடந்துவிட்டு இப்போது பேராசைப்படுகிறார், அதனால் என் மேஜிக் போகிறது என்றுதான் நினைத்தேன். வாய்விட்டு அழுதேன்.

நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னார். பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்கு விறகு பிளந்து தண்ணீர் சுமந்த தாத்தா, கடைசிப் பந்தியும் எழுந்த பிறகு ஈயச்சட்டியோடு கொல்லைப்பக்கம் போய் நிற்பாராம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவும் நிற்பாராம். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கையை மட்டும் தட்டுவார்களாம். உள்ளே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தவர்களில் அப்பாவின் வயதுப் பையன் ஒருவனும் உண்டாம்.

அதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. மேலே கைதட்டல் கேட்டது. பக்கத்து மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. மேலூர்க்காரர் கையைத் துடைத்துத் துடைத்துத் துணியைக் கசக்கிக்கொண்டிருந்தார். இன்னும் என்ன வேண்டும் என்று கேட்க வந்த பரிமாறுகிறவரிடம், கொஞ்சம் ரசம் இருக்குமா என்று கேட்டார் அப்பா. ரசம் உள்ளேயிருந்துதான் வரவேண்டும், நேரமாகும் என்றார் அவர்.

"ஆகட்டும்" என்றார் அப்பா. எழுந்திருக்கவே இல்லை.